ஒரு பல் தாண்டிய செயின்

9

வீடியோ மொத்தமே பதினோரு நொடிதான். தேங்காய் எண்ணெய் மில் ஒன்றின் தூணில் தவசியைக் கட்டி வைத்திருந்தார்கள். இடது கண் வீங்கி மூடிப்போயிருந்தது. வாயிலிருந்து வடிந்த ரத்தம் சட்டைப் பை வரை இறங்கிக் காய்ந்திருந்தது. படம் பிடித்தவரின் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது, கோபமே இல்லாமல்.

"அஞ்சு மணி வரைக்கும் உசுரோட வெச்சிருக்கறனுங்க. என்ற மச்சானைக் கொன்னது இவன் இல்லீன்னா, கொன்னவன் யாருன்னு அதுக்குள்ள வந்து சொல்லுங்க. கேட்டுக்கு வெளிய போலீஸ் சத்தம் கேட்டா அஞ்சு மணிக்குக் காத்திருக்க மாட்டேன்."

தவசியின் மனைவிக்கு அனுப்பிய கையோடு தன் போனை அணைத்தும் விட்டிருந்தார்.

திருப்பூர் ராயபுரத்தில், லேபிள் பிரிண்டிங் கடைக்கு மேல்மாடியில் இருந்த துப்பறியும் நிலையத்தில் இப்போது மணி ஒன்று நாற்பது. தவசியின் மனைவி சித்ராதேவி, தையல் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு கோழி அறுக்கிறதப் பார்த்தாலே மயங்கி விழுறவரு மேடம். அவரா கொல செஞ்சிருப்பாரு?"

"கோழி அறுக்கப் பயப்படுறவன் ஆளை அறுக்க மாட்டாம்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல தாயி" என்றான் சகாயராஜ். உதவியாளன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். வாயை மட்டும் அடகு வைக்காமல் ஊரைவிட்டு வந்தவன்.

"சகாயம், வாயை மூடிட்டு வண்டிச் சாவியை எடு" என்றாள் மைதிலி.

மைதிலி துப்பறிய வருவதற்கு முன் எட்டு வருடம் நிட்டிங் கம்பெனியில் துணி செக்கிங் செய்தவள். விளக்கு மேஜை மேல் ஓடிக்கொண்டே இருக்கும் துணியில் ஊசிமுனை ஓட்டையைப் பிடித்த கண் அவளுக்கு. சம்பளம் மாறியது, கண் மாறவில்லை.

விஷயம் இதுதான். காங்கேயம் ரோட்டில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த வெள்ளியங்கிரியை, போன ஞாயிற்றுக்கிழமை யாரோ கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டார்கள். நெரித்த ஆயுதம், ஒரு காரிலிருந்து அவரே கழற்றிப் போட்டிருந்த பழைய டைமிங் செயின், எஞ்சினுக்குள் பல்சக்கரங்களில் ஓடும் சங்கிலி. சாயங்காலம் ஏழு மணிக்கு டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தபோது, செயின் கழுத்துச் சதைக்குள் பாதி புதைந்து கிடந்தது. அன்று மதியம் அவரிடம் வேலை பார்த்த தவசியோடு அவருக்குச் சண்டை நடந்ததை அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேட்டிருந்தார்கள். போலீஸ் தேடுகிறது என்றதும் தவசி பயந்து ஒளிந்தான். அதுவே அவனுக்கு எதிராகப் போயிற்று. நான்கு நாள் கழித்து இன்று காலை அவனைப் பிடித்தது போலீஸ் இல்லை. வெள்ளியங்கிரியின் தங்கை புருஷன், அந்த எண்ணெய் மில்லுக்குச் சொந்தக்காரர் ராசப்பன்.

ராசப்பனைத் திட்டவும் மனசு வரவில்லை. பன்னிரண்டு நாளைக்கு முன்னால்தான் அவருடைய பத்தொன்பது வயது மகளை விடியற்காலையில் ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிருந்தது. கார் இன்னும் கிடைக்கவில்லை. அந்தக் காரியம் முடிவதற்குள் மச்சானும் போய்விட்டார். மனுஷன் எதைத்தான் தாங்குவார்.

"சண்டை எதுக்கு?" என்று கேட்டாள் மைதிலி.

"இதுக்குத்தான் மேடம்." சித்ராதேவி தன் போனை நீட்டினாள். தவசி வேலை செய்யும்போது எடுக்கும் வீடியோக்களை இணையத்தில் போடுவது வழக்கம். ஞாயிறு பகல் பன்னிரண்டு பத்துக்கு ஒன்று போட்டிருந்தான்.

திறந்த எஞ்சின். பளபளவென்று புது செயின். அதற்குப் பின்னால் செத்துப்போனவரின் குரல். "வண்டி நின்ன எடத்துல நடுங்குதுன்னு கொண்டாந்தாங்க. செயின் தொய்ஞ்சு போச்சு. இப்பப் பாரு, மூணு மார்க்கும் நேரா நிக்குது. எஞ்சினைக் கையில சுத்துனா வலப்பக்கம் மட்டுந்தான் சுத்தோணும் கண்ணு. சித்தெ பின்னாடி போனாலும் செயின் தொய்ஞ்சு ஒரு பல்லு தாண்டிரும். மத்தியானம் செயினை இறுக்கற டென்ஷனரை மாட்டி மூடியைப் போட்டா முடிஞ்சுது." அப்புறம் குரல் மாறியது. "ஏன்டா, நான் இங்க தொண்டை கிழியப் பேசறேன், நீ படம் புடிச்சுட்டு இருக்கறயா?"

"அதான் சண்ட. போனப் பிடுங்கப் போயி, வெளிய போடான்னு வஞ்சு அனுப்பிட்டாக."

மைதிலி அதை மூன்று முறை ஓடவிட்டாள். அவளுடைய பழைய காருக்கும் மூன்று வருடம் முன்பு செயின் மாற்றியவர் வெள்ளியங்கிரிதான். வேலை முடிந்ததும் ஓடுகிற எஞ்சின் மேல் தண்ணீர் நிறைந்த எவர்சில்வர் டம்ளரை வைப்பார். நூறு எண்ணுவார். ஒரு சொட்டு தளும்பினாலும் வண்டியை வெளியே விடமாட்டார். கழற்றிய பழைய சாமான்களைப் பனியன் வேஸ்ட் துணியில் முடிந்து ஸ்டெப்னி டயருக்கு அடியில் வைத்துத்தான் அனுப்புவார். கேட்டால், "உங்க சாமான், உங்க ஊட்டுக்குப் போகட்டுமுங்க" என்பார். அந்தக் கழுத்தைத்தான் நெரித்திருக்கிறார்கள்.

"வீடியோவுல இருக்கற வண்டி யாருது?"

"மோகன்ராஜ்னு நிட்டிங் முதலாளி" என்றான் சகாயராஜ். "ஞாயித்துக்கிழம மூணரைக்கு வண்டிய எடுத்தாராம். அப்ப வெள்ளியங்கிரி நல்லா இருந்தாராம், தவசி மொறச்சிக்கிட்டே வாசல்ல நின்னானாம். அவரு சாட்சிதான் இந்தப் பயலுக்குக் கயிறு."

"அந்தச் சாட்சி எப்படி ஓடுதுன்னு பார்த்துட்டு வரலாம்."

*

மோகன்ராஜின் நிட்டிங் யூனிட் காங்கேயம் ரோட்டிலேயே இருந்தது. சித்ராதேவியைக் காரிலேயே உட்காரச் சொல்லிவிட்டு இருவரும் கேட்டுக்குள் நுழைந்தார்கள். போர்ட்டிகோவில் வெள்ளைக் கார். டிரைவர் ஏசியைப் போட்டு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நின்ற இடத்தில் அது உதறிய உதறலில் பின்பார்வைக் கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சம்பழம் ஊஞ்சலாடியது.

"குளிர்க்காய்ச்சல்" என்றான் சகாயராஜ்.

"வாட்ச்மேன் டேபிள்ல டம்ளர் இருக்கு. நிறையத் தண்ணி."

டிரைவரை எழுப்பி, புகை வருகிறது என்று பயமுறுத்தி பானெட்டைத் திறக்க வைத்தான் சகாயராஜ். டம்ளரை எஞ்சின் மேல் வைத்து எண்ண ஆரம்பித்தான். நாலு சொல்லும்போதே தண்ணீர் தளும்பியது. ஒன்பதில் டம்ளரே நகர்ந்து கவிழ்ந்தது.

"என்னுங்க பண்றீங்க என்ற வண்டியில?"

வெள்ளை வேட்டி, முழுக்கை வெள்ளைச் சட்டை, மணிக்கட்டு வரை பட்டன். நாற்பத்தைந்து வயது. நெற்றியில் விபூதி காயவில்லை. மோகன்ராஜ்.

மைதிலி தன்னை யாரென்று சொன்னாள். "வெள்ளியங்கிரி அண்ணன் கையில இருந்து வந்த வண்டி இப்படி நடுங்கி நான் பார்த்ததில்லீங்க."

"அவசரத்துல விட்டுட்டாரோ என்னவோ. எனக்கு மெக்கானிசம் ஒண்ணும் தெரியாதுங்க. ஸ்பேனரை எந்தப் பக்கம் புடிக்கறதுன்னே தெரியாது. போலீஸ்லயும் அதைத்தானுங்க எழுதிக் குடுத்தேன்."

"அப்ப வேற மெக்கானிக்கிட்டக் காட்டலாமில்லீங்களா? நாலு நாளா இப்படியே ஓட்டறீங்களே."

"நேரமில்லீங்க."

சகாயராஜ் அவள் காதருகே வந்தான். "மேடம், இது நமக்கே ஆப்பு. வண்டிய மூடுனது வெள்ளியங்கிரி இல்லன்னா, வேல தெரிஞ்ச வேற ஆளு. அந்த ஷெட்டுல வேல தெரிஞ்ச வேற ஆளு தவசிதானல்லா?"

அது உண்மைதான். டம்ளரை வைத்து அவள் தேடியது தவசியின் உயிர். கிடைத்தது அவனுக்கு இன்னொரு முடிச்சு. மணி மூன்று ஆகப்போகிறது.

உள்ளே மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"எட்டு வருஷம் இந்தச் சத்தத்துலயே குப்பை கொட்டுனவளுங்க நான். ஒரு எட்டு உள்ள பார்த்துட்டுப் போகட்டுங்களா?"

சொந்த மெஷினைப் பார்க்கிறேன் என்றால் வேண்டாமென்று சொல்லும் முதலாளி இந்த ஊரில் பிறக்கவில்லை. மோகன்ராஜ் முன்னால் நடந்தார்.

பன்னிரண்டு வட்ட மெஷின்கள். எல்லாம் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நூல் மேலிருந்து இறங்க, துணி அடியில் சுருண்டுகொண்டிருந்தது. ஒடிசாக்கார ஆபரேட்டர்கள் இருவரும் அந்தக் கோடியில் சோறு தின்று கொண்டிருந்தார்கள். மைதிலியின் கை தலைக்குப் போய் இறங்கியது. ஒரு ஹேர்பின் குறைந்தது. கடைசி மெஷினில் டக்கென்று ஒரு சத்தம், சிவப்பு விளக்கு எரிந்து மெஷின் நின்றது.

"ஊசி போயிருச்சுங்க போல" என்றாள் அப்பாவியாக. "எக்ஸ்போர்ட் துணியா? ஃபிட்டர் யாராச்சும் இருக்காங்களா?"

"சாப்பிடப் போயிட்டானுங்க." நின்றுபோன மெஷினை மோகன்ராஜ் பார்த்தார். ஒரு நொடி பொறுத்தார். இரண்டாவது நொடி அவரால் முடியவில்லை. சட்டைக் கையை முழங்கை வரை மடித்தார். மெஷினின் கம்பிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு அடியிலிருந்து போல்ட் திருகும் எல்-கீயை எடுத்தார். மேலே மூடியிருந்த இரும்பை இரண்டு திருகில் கழற்றினார், உடைந்த ஊசிகளை உருவி எறிந்தார், புது ஊசிகளைச் சொருகி மூடினார். அறுந்த நூலை முடிந்து, மெஷினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். இடப்பக்கம். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் ஆகியிருக்காது.

"எத்தனை வருஷம் ஃபிட்டரா இருந்தீங்க?" என்று கேட்டாள் மைதிலி.

மோகன்ராஜின் கை மெஷின் மேலேயே நின்றது. "இந்த ஊர்ல எல்லாரும் எங்கிருந்தோதானுங்க ஆரம்பிச்சோம்."

"ஆமாங்க. அதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை. ஸ்பேனர் புடிக்கத் தெரியாதுன்னு எழுதிக் குடுத்தீங்களே, அதுதான் உறுத்துது. ஞாயித்துக்கிழமை அந்த எஞ்சினை மூடினது உங்க கைதான். வண்டியை அங்க விட்டுட்டு வர முடியாதே. மீதி இருந்த வேலை டென்ஷனரும் மூடியும். ஒரு நல்ல ஃபிட்டருக்கு அது பெரிய காரியமில்லை. மாட்டும்போது எஞ்சினைக் கையால சுத்திப் பார்த்தீங்க. நிட்டிங் ஃபிட்டர் கை, அது இடப்பக்கந்தான் போகும். கார் எஞ்சினை அப்படிச் சுத்தக் கூடாது. செயின் ஒரு பல்லு தாண்டிருச்சு. அதான் வண்டி நடுங்குது. வலப்பக்கம் மட்டும் சுத்தோணும்னு வெள்ளியங்கிரி அண்ணன் அன்னைக்குப் பன்னண்டு மணிக்கு தவசிக்குச் சொன்னது வீடியோவுல இருக்குது. அதைக் கேட்ட தவசி அந்தத் தப்பைப் பண்ண மாட்டான். கேக்காத ஆளுதான் பண்ணுவான்."

"கதை நல்லாருக்குதுங்க."

"கதைக்குப் படமும் இருக்குதுங்களே. உங்க மணிக்கட்டைப் பாருங்க."

மடித்த சட்டைக்குக் கீழே, இரண்டு மணிக்கட்டைச் சுற்றியும் கருநீலப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. எல்லாம் ஒரே இடைவெளி. செயினைக் கையில் சுற்றி முழுப் பலத்தோடு இழுத்தவனுக்கு மட்டும் விழும் அச்சு.

துணி சுருட்டும் இரும்புக் குழாய் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. மோகன்ராஜ் அதை எடுத்த வேகத்தில் சகாயராஜின் விலாவில் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் பதினோரு மெஷின் சத்தத்திலும் கேட்டது. அடுத்த அடி அவன் தோளில். சகாயராஜ் நூல் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு விழுந்தான்.

மைதிலி ஓடவில்லை. ஓட இடமும் இல்லை. இரண்டு கைகள் அவள் கழுத்தைப் பிடித்து நின்றிருந்த மெஷினின் காலில் சாய்த்தன. கட்டைவிரல்கள் குரல்வளைக்குள் இறங்கின. அவர் முகம் அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. விபூதி வியர்வையில் கரைந்து புருவத்தில் வழிந்தது.

"கூட வா போலீஸுக்குன்னு சட்டையைப் புடிச்சு இழுத்தான். இழுத்திருக்க வேண்டாமில்ல? அவனும் இப்படித்தான் முழிச்சான்" என்றார் அவர், மூச்சு வாங்க.

அவளுக்குக் கண்ணில் கறுப்பு பரவியது. கை தடவித் தடவி மெஷின் பக்கவாட்டில் போயிற்று. எட்டு வருடம் பார்த்த மெஷின், பச்சை பட்டன் எங்கே இருக்குமென்று கைக்குத் தெரியும். அழுத்தினாள்.

கம்பிக் கதவு திறந்தே கிடந்தது. அடியில் துணி சுருட்டும் உருளை சுழல ஆரம்பித்து, முதலில் வேட்டி நுனியைக் கவ்வியது. மோகன்ராஜ் குனிந்து பார்ப்பதற்குள் அரை வேட்டி உள்ளே போய்விட்டது. மெஷின் வழக்கம்போல இடப்பக்கமாகவே சுற்றியது. அவரைச் சேர்த்து இழுத்து, தலையை இரும்புக் காலில் மோதியது. சுற்றி வந்து மீண்டும் மோதியது. மூன்றாவது மோதலில் பல் இரண்டு சிமெண்டில் தெறித்தன. அவர் அலறியது சோற்றுக் கையோடு ஓடிவந்த ஆபரேட்டருக்குத்தான் முதலில் கேட்டது. அவன் மெஷினை நிறுத்தினான்.

சகாயராஜ் விலாவைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து வந்து, நூல் கட்டும் கயிற்றால் மோகன்ராஜின் கைகளைப் பின்னால் இழுத்துக் கட்டினான். கொஞ்சம் அதிகமாகவே இறுக்கினான்.

"நீங்க அழுத்துன பட்டன் வேலை செய்யாம போயிருந்தா?" என்றான்.

"எனக்கு உன் சம்பளம் மிச்சம்" என்றாள் மைதிலி. குரல் உடைந்து கரகரத்தது. இருமியபடியே போர்ட்டிகோவுக்கு நடந்தாள்.

வெள்ளைக் காரின் டிக்கியைத் திறந்தாள். ஸ்டெப்னி டயரைத் தூக்கினாள். அடியில் சிவப்புப் பனியன் வேஸ்ட்டில் ஒரு முடிச்சு. கடைசி நாளிலும் வெள்ளியங்கிரி தன் வழக்கத்தை விடவில்லை. பிரித்தால் தேய்ந்த பிளாஸ்டிக் துண்டுகள், வளைந்த போல்ட் இரண்டு, அவற்றுக்கு நடுவே அறுந்துபோன வெள்ளிக் கொலுசு. மணிகளுக்கு இடையில் காய்ந்த ரத்தமும் இரண்டு மூன்று நீள முடியும் ஒட்டியிருந்தன.

அவள் அதைக் கொண்டுபோய் மோகன்ராஜின் கண்முன் ஆட்டினாள். பல் போன வாயால் அவர் சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை.

"அதைத் தேடித்தான் ஷெட்டையே கொட்டிக் கவுத்தேன். அந்தப் புள்ளையை அடிச்ச மறுநாளே பம்பரைக் கோயமுத்தூர்ல மாத்திட்டேன். அடித்தகட்டுக்குள்ள இது மாட்டியிருக்கும்னு யாருக்குங்க தெரியும்? வண்டி நடுக்கத்துக்குக் கொண்டுபோனா, அந்தத் தகட்டைக் கழட்டி இதை எடுத்துட்டு, 'எங்க புள்ளைது'ங்கறான். எங்க வெச்சான்னு கடைசி வரைக்கும் சொல்லலை."

நாலு நாளாக அந்தக் கொலுசை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேதான் ஊர் சுற்றியிருக்கிறார். வேறு மெக்கானிக்கிடம் காட்டவும் பயம். திறந்தால் இன்னும் என்ன விழுமோ.

"எங்க புள்ளைன்னா?" என்றான் சகாயராஜ்.

"பெரிய மனுஷி ஆனப்ப தாய்மாமன் சீர்ல வெச்ச கொலுசா இருக்கும். வாங்குனவருக்கு அடையாளம் தெரியாதா?" மைதிலி முடிச்சை மறுபடி கட்டினாள். "அந்தப் பொண்ணோட அப்பாதான் இப்ப தவசியைத் தூண்ல கட்டி வெச்சிருக்கறாரு."

போலீஸ் வந்து மோகன்ராஜை ஜீப்பில் ஏற்றும்போது மணி நாலு பத்து. ஐந்து மணிக்கு மேல் மில்லுக்கும் வாருங்கள், ஹாரன் அடிக்காமல், என்று ஏட்டிடம் சொன்னாள். முடிச்சைப் பற்றிச் சொல்லவில்லை.

"ஆதாரத்தக் கையில எடுத்துட்டுப் போறது தப்பு மேடம்."

"தெரியும். வண்டியை எடு."

*

முறிந்த விலாவோடு சகாயராஜ் அந்தப் பழைய காரை அந்த வேகத்தில் ஓட்டியதுதான் அவன் வாழ்நாளில் செய்த ஒரே வாய்பேசாத காரியம். பின்சீட்டில் சித்ராதேவி முடிச்சை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். தேங்காய் லாரி ஒன்று ரோட்டை அடைத்துத் திரும்பியபோது நிற்க வேண்டியதாயிற்று. வெள்ளியங்கிரி கைபட்ட எஞ்சின். நின்ற இடத்தில் அது ஓடுவதே தெரியவில்லை. மைதிலி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு மில் கேட்டைத் தட்டினார்கள்.

கொப்பரை மூட்டைகளுக்கு நடுவே தவசி தூணில் தொங்கிக்கொண்டிருந்தான். தலை நெஞ்சில் கிடந்தது. ராசப்பன் ஒரு ஸ்டூலில், முழங்கால்களுக்குக் குறுக்கே இரும்புக் கம்பியோடு உட்கார்ந்திருந்தார். கம்பியின் நுனி ஈரமாக இருந்தது.

"சொல்லுங்க" என்றார்.

மைதிலி சித்ராதேவியிடமிருந்து முடிச்சை வாங்கி, அவர் மடியில் வைத்துப் பிரித்தாள்.

ராசப்பன் சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். ஆஸ்பத்திரியில் மகளின் உடம்போடு கொடுத்த ஒற்றைக் கொலுசு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவது போலிருந்தது.

"உங்க மச்சான் இதை ஒரு வண்டிக்குள்ள கண்டுபிடிச்சாரு. வண்டிக்காரன் அவரைக் கொன்னுட்டான். ஆளு ஸ்டேஷன்ல இருக்கான்" என்றாள் மைதிலி. "பேரு இப்ப வேண்டாமுங்க."

"அப்ப இவன்?"

"அன்னைக்கு மதியமே ஊட்டுக்குப் போயிட்டான். படம் புடிச்சதுக்குத் திட்டு வாங்கிட்டு. அந்தப் படந்தான் இன்னைக்கு நிஜமான ஆளைக் காட்டுச்சு."

ராசப்பன் எழுந்தார். கயிற்றை அவிழ்க்கப் போனார். அவர் போட்ட முடிச்சு அவருக்கே பிடிபடவில்லை. சித்ராதேவி அவரைத் தள்ளிவிட்டு அவிழ்த்தாள். தவசி சரிந்து மனைவியின் தோளில் விழுந்தான். ராசப்பன் அவன் முன் மண்டியிட்டு உட்கார்ந்து, கம்பியை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினார்.

"நான் எத்தனை அடிச்சனோ அத்தனையும் திருப்பி அடி சாமி. தலையில வேணும்னாலும் அடி. ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

தவசி திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தான். வலது கையை நீட்டினான். மூன்று விரல்கள் மூன்று பக்கம் வளைந்திருந்தன. நகங்கள் இல்லை. கம்பி அந்தக் கையில் ஒரு நொடி கிடந்து, நழுவி, சிமெண்டில் விழுந்து உருண்டது.

"அது ஸ்பேனர் பிடிக்கிற கை அய்யா" என்றாள் சித்ராதேவி.

வெளியே ஜீப் வந்து நின்றது. ராசப்பன் எழுந்துபோய், தானே கேட்டைத் திறந்துவிட்டார்.